நாற்பது கேசட், நான்கு தலைமுறை: பழைய கச்சேரிப் பதிவைக் கெடுக்காமல் கணினிக்கு ஏற்றுவது எப்படி?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். வீட்டைக் காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுப் பெரியவர் 40 கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரும்பாலும் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் மேடைக் கச்சேரிகள், 1977 முதல் 1989 வரை. அட்டையில் எஸ்பிடி, ஏயூடி, ‘3’ என்றெல்லாம் கையால் எழுதியிருக்கிறது. கணினிக்கு மாற்றி மற்ற ரசிகர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை. சட்டப்படி தவறா? எம்பி3 போதாதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். உங்களிடம் இருப்பது கிரேட்ஃபுல் டெட் என்பது அதிர்ஷ்டம். ரசிகர்கள் பதிவு செய்வதை இந்தக் குழு வெகுகாலம் கண்டும் காணாமல் விட்டது. 1984 அக்டோபரில் பெர்க்லி கச்சேரிகளிலிருந்து மைக் கொண்டுவருகிறவர்களுக்கென்று சவுண்ட்போர்டுக்கு (ஒலிக்கலவை மேசைக்கு) பின்னால் தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: பரிமாறிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது. பெட்டியில் வேறு குழுவின் கேசட் கலந்திருந்தால் இந்த அனுமதி அதற்குச் செல்லாது. அமெரிக்காவில் 1994-க்குப் பிறகு, கலைஞரின் சம்மதமில்லாத மேடைப் பதிவை விற்றால் கிரிமினல் குற்றம். இலவசமாகப் பரப்பினாலும் கலைஞர் சிவில் வழக்குத் தொடரலாம். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துகலைஞரின் உரிமையைச் சொல்கிறது. ஆகவே ‘நான் விற்கவில்லையே’ என்பது முழுப் பாதுகாப்பு அல்ல. குழுவின் அனுமதிதான் பாதுகாப்பு.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2002-இல் தொடங்கிய மேடை இசைத் தொகுப்பில் அனுமதி கொடுத்த குழுக்களின் பதிவுகள் மட்டும் இருக்கின்றன. அங்கே 2005 இறுதியிலிருந்து டெட் குழுவுக்கு ஒரு விதி: பார்வையாளர் வரிசையிலிருந்து எடுத்ததைத் தரவிறக்கலாம், சவுண்ட்போர்டிலிருந்து எடுத்ததைக் கேட்க மட்டும் செய்யலாம். உங்கள் ஏயூடி (பார்வையாளர் வரிசை) கேசட்டுகளைப் பகிரலாம். எஸ்பிடி (சவுண்ட்போர்டு) கேசட்டுகளை மாற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த எழுத்துகள். எஸ்பிடி என்றால் மேடை ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்தது: குரல் பளிச்சென்று இருக்கும், கைதட்டல் எங்கோ கேட்கும். ஏயூடி என்றால் கூட்டத்திலிருந்து மைக்கில் எடுத்தது. எஃப்ஓபி என்றிருந்தால் கலவை மேசைக்கு முன்னால் நின்று எடுத்த ஏயூடி. பொதுவாகத் தரம் கூடியது. ‘3’ என்பது தலைமுறை, அதாவது பிரதியின் பிரதியின் பிரதி. சிலர் மாஸ்டரை, அதாவது கச்சேரியில் நேராகப் பதிந்த முதல் டேப்பை, பூஜ்யம் என்று எண்ணுவார்கள், சிலர் ஒன்று என்று. அதனால் நீங்கள் அர்த்தம் பண்ணிக்கொள்ளாமல், அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதிவையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். தலைமுறை ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் டேப் தன் ‘ஸ்ஸ்’ இரைச்சலைச் சேர்க்கிறது. முதல் நகலில் இரைச்சல் சுமார் 3 டெசிபெல் ஏறும். மூன்றாம் நகலில் 6 டெசிபெல். கூடவே ஒவ்வொரு டெக்கின் (கேசட் ஓட்டும் கருவியின்) வேக ஆட்டமும் சேரும். இரைச்சலையாவது காது பழகிக்கொள்ளும், நீளும் பியானோ ஒலி நடுங்குவதைப் பழகிக்கொள்ளாது.

நாற்பதையும் வரிசையாக மாற்றத் தேவையில்லை. 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் கச்சேரி உங்கள் பெட்டியில் அநேகமாக இருக்கும். எல்லார் பெட்டியிலும் இருக்கிறது. குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்த சுருள்கள், வாடகைக் கிடங்கு பாக்கியால் 1986-இல் ஏலத்துக்குப் போய், அதன் வழியாக நல்ல பிரதிகள் ரசிகர் கைக்கு வந்தன. 2017-இல் அதிகாரப்பூர்வ ஆல்பமாகவும் வந்துவிட்டது. அதன் நான்காம் தலைமுறைக் கேசட்டை இன்னொரு முறை கணினிக்கு ஏற்றுவதால் யாருக்கும் பயனில்லை. சிறிய ஊர் ஒன்றில் நடந்த கச்சேரியின் ஏயூடி, மாஸ்டர் அல்லது முதல் நகல் என்று எழுதியிருந்தால், அது பொக்கிஷம். தேதியைத் தொகுப்பில் தேடி, ஏற்கெனவே என்னென்ன மூலங்கள் இருக்கின்றன என்று பார்த்து, இல்லாததை முதலில் எடுங்கள். அட்டைத் தேதியை நம்பிவிடாதீர்கள். பாடல் வரிசையை ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். மீதிக்கு, இருக்கும் பதிவின் ஓரிரு நிமிடத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

கேசட்டை டெக்கில் போடுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். டேப்பை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும், ஏறி இறங்கும். அப்படியானால் ஐந்து திருகு உள்ள வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து, டேப் சுருளை அதற்குள் மாற்றுங்கள். முனையில் அறுந்திருந்தால் கேசட்டுக்கென்றே வரும் 3.81 மி.மீ. ஒட்டுநாடாவை டேப்பின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப்பின் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றையும் ஒட்டவைத்துவிடும். மேலே உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பல ஆண்டு அசையாமல் கிடந்த டேப் என்பதால் ஒருமுறை முழுக்க முன்னோட்டி, முழுக்கப் பின்னோட்டி, பிறகு கேளுங்கள்.

டெக் எது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். யுஎஸ்பி வயரோடு வரும் கைக்கடக்கமான மலிவுக் கேசட் பிளேயர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை, வேகம் ஆடும். பழைய நல்ல டெக் ஒன்றை, பெல்ட் மாற்றிச் சர்வீஸ் செய்தது என்று உறுதிசெய்து வாங்குங்கள். ஆட்டோ ரிவர்ஸ் வேண்டாம்: ஹெட் திரும்பித் திரும்பி நிற்பதால் அதன் கோணம் நிலையாக இருக்காது. ஹெட்டையும், டேப்பை ஓட்டும் உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் ரப்பரை வறளச் செய்யும்.

முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் இடம் அஸிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கிற கோணம். கேசட் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அந்த வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை டேப்பில் எடுத்துக்கொள்கிற நீளம் மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பதிவு செய்த டெக்கின் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் இம்மி விலகினாலும் சிம்பல், கைதட்டல், கிட்டார் நரம்பின் கிறீச்சு எல்லாம் போர்வைக்கடியில் போய்விடும். பிறகு கணினியில் எவ்வளவு ‘ட்ரெபிள்’ கூட்டினாலும் இரைச்சல்தான் கூடும். செய்யவேண்டியது இதுதான்: கேசட் கதவின் மூடியைக் கழற்றுங்கள். ஹெட்டின் இருபக்கமும் திருகு இருக்கும். ஸ்பிரிங் உள்ளதுதான் பெரும்பாலும் அஸிமத் திருகு, மேலே ஒரு பொட்டுப் பெயின்ட் பூசியிருப்பார்கள். அதன் பழைய நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பை ஓடவிட்டு, கேட்கும் ஒலியை மட்டும் மோனோவுக்கு மாற்றி, காந்தமில்லாத சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் கைதட்டல் சடசடவென்று திறந்துகொள்ளும். தாண்டினால் மறுபடி மூடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். மோனோ ஏன் என்றால், இடதும் வலதும் நேரம் பிசகி வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மேல் ஒலிகள் சுழல்வது போலக் கேட்கும். ஸ்டீரியோவில் இந்தப் பிசகு ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்யவேண்டும். அலுப்புதான். ஆனால் இதைச் செய்யாத பதிவைப் பகிர்வதைவிடப் பகிராமலே இருக்கலாம்.

டால்பி, அதாவது டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி: அட்டையில் ‘டால்பி பி’ என்று எழுதியிருந்தால் மட்டும், அதுவும் அஸிமத் சரிசெய்த பிறகு, போடுங்கள். மேல் ஒலி குறைந்த டேப்பில் டால்பியைப் போட்டால் அது ஏமாந்து இன்னும் வெட்டும். எழுதவில்லை என்றால் அணைத்து வையுங்கள்.

பதிவுக்கு லேப்டாப்பின் மைக் துளையைத் தொடாதீர்கள். லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ கருவி போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில். 90 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 1.6 ஜிபி ஆகும். 96 கிலோஹெர்ட்ஸில் எடுக்கிறவர்கள் 3.1 ஜிபி என்று கணக்கு வையுங்கள். சில மென்பொருள்கள் வேவ் கோப்பு 2 ஜிபி தாண்டினால் திணறும் என்பதால் பக்கம் பக்கமாகப் பதியுங்கள். கேசட்டைப் போடுவதற்கு முன், டெக் இணைந்த நிலையில் பத்து நொடி வெறுமனே பதிந்துகொள்ளுங்கள். அதன் பயன் இப்போது வரும்.

1980-களின் கையடக்க டெக்குகள் பேட்டரி தளர்ந்தால் மெதுவாக ஓடும். அந்தப் பதிவு இன்று உங்கள் டெக்கில் வேகமாகக் கேட்கும். 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். சரியான வேகத்தைக் காட்டிக்கொடுப்பது மின்சார உறுமல். அமெரிக்க அரங்கில் அது 60 ஹெர்ட்ஸ். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் அந்தக் கோடு 61.2-இல் நின்றால் டேப் 2 சதவீதம் வேகம். ஆனால் உங்கள் வீட்டு மின்சாரமும் 60-இல் ஒரு கோடு போடும், அது டேப்போடு சம்பந்தமில்லாதது. அந்தப் பத்து நொடி வெற்றுப் பதிவில் தெரிகிற கோட்டை விலக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பல தலைமுறை நகலில் மூன்று நான்கு கோடுகள்கூடத் தெரியும். அப்போது இதே கச்சேரியின் இன்னொரு பதிவோடு சுருதி ஒப்பிடுவதுதான் வழி. திருத்தும்போது ‘டெம்போ’ அல்ல, சுருதியும் வேகமும் சேர்ந்து மாறுகிற ‘ஸ்பீட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். திருத்தாத மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்.

வேறு எதையும் திருத்தாதீர்கள். இரைச்சல் நீக்கி, ஈக்யூ, ஒலிச்சமன் எல்லாம் கேட்கிறவர் தன் வீட்டில் செய்துகொள்ளலாம். நீங்கள் வெட்டியதை அவர் திரும்ப ஒட்ட முடியாது. டெட் குழுவின் இரண்டாம் பகுதி பலநேரம் 45 நிமிடத்தைத் தாண்டும், அதனால் பாட்டு நடுவே டேப் புரட்டிய இடைவெளி இருக்கும். அங்கே இன்னொரு பதிவிலிருந்து ஒட்டுப்போட்டால் எத்தனையாவது நிமிடம், எந்த மூலம் என்று எழுதியே தீரவேண்டும்.

பாட்டுகளைப் பிரிக்கும்போது ஒரு சின்னப் பொறி உண்டு. சிடி தரத்தில், அதாவது 16 பிட் 44.1-இல், ஒரு நொடி 75 துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டுக்கு 588 சாம்பிள். வெட்டு இந்த எல்லையில் விழாவிட்டால் சிடியில் எழுதும்போது மிச்சம் மௌனத்தால் நிரம்பி, ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் வழுக்கும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நேர அளவைச் சிடிடிஏ ஃப்ரேம் என்று வைத்து வெட்டினால் இந்தத் தொல்லையில்லை.

கோப்பு, ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் இருக்கவேண்டும். அதன் உச்ச அளவான எட்டாம் அளவில் சுருக்கினாலும் ஒரு சாம்பிள்கூட இழக்காது. இடம் பாதிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். எம்பி3 உங்கள் போனில் கேட்க நன்றாகவே இருக்கும், பரிமாற்றத்துக்கு ஆகாது. ஒருவர் எம்பி3-ஐ சிடியில் எழுத, இன்னொருவர் அதைத் திரும்ப ஃப்ளாக்காக்கிப் பரப்ப, கெட்டது நல்ல பெயரில் சுற்றும். அப்படிப்பட்டதை ஸ்பெக்ட்ரோகிராமில் பிடிக்கலாம்: 128 கேபிபிஎஸ் எம்பி3 சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நிற்கும், கேசட் சரிவாக இறங்கும். அவசரப்பட்டுக் குற்றம் சாட்டவேண்டாம். எஃப்எம் வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்தவையும் 15 கிலோஹெர்ட்ஸில் வெட்டுப்பட்டுத்தான் இருக்கும்.

கூடவே இரண்டு சிறு கோப்புகள். ஒன்று எம்டி5 சரிபார்ப்பு எண்கள். கோப்பின் எம்டி5, பாட்டுப் பெயரை டேக்கில் சேர்த்தாலே மாறிவிடும். ஃப்ளாக் தனக்குள் வைத்திருக்கும் ஒலியின் எம்டி5 மாறாது. பின்னதைக் கொடுங்கள், ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்ற வீண் கடிதங்கள் குறையும். இன்னொன்று குறிப்புக் கோப்பு: தேதி, அரங்கு, ஊர், பாடல் வரிசை, பிறகு வம்சாவளி. மைக், பதிவு டெக், கேசட் வகை, தலைமுறை, உங்கள் டெக், டால்பி நிலை, ஆடியோ கருவி, மென்பொருள், செய்த திருத்தம், மாற்றிய நாள் என்று ஒரே சங்கிலியாக எழுதுங்கள். தெரியாத கண்ணிக்கு ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய மைக் பெயர் பத்து வருடம் கழித்துச் சத்தியமாகிவிடும். கோப்புறையின் பெயர் குழுவின் சுருக்கத்தில் தொடங்கி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போகட்டும். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டால் பட்டியல் காலவரிசையில் நிற்காது.

பெட்டியில் டாட் எனப்படும் டிஜிட்டல் ஒலிக் கேசட் இருந்தால், அது அளவில் இன்னும் சிறியது, அதை இந்த வழியில் மாற்றாதீர்கள். டாட் டெக்கின் டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து நேராக எடுக்கவேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 48-லேயே விடுங்கள். எல்லாம் முடிந்ததும் இரண்டு வன்தட்டில் பிரதி, ஒன்று வேறு வீட்டில். கேசட்டுகளை வீசிவிடாமல், ஸ்பீக்கர் காந்தத்துக்கும் வெயிலுக்கும் எட்டாமல் நிற்கவைத்து அடுக்குங்கள். உங்களைவிட நல்ல டெக் வைத்திருப்பவர் என்றாவது கேட்பார்.