மேல் பஞ்சமம் எட்டலையா? முதல்ல கட்டையைக் குறைங்க

கேள்வி: வயசு 36, ஸ்கூல் டீச்சரா இருக்கேன். கல்யாணத்தோட நின்னுபோன கர்நாடக சங்கீத பாட்டு கிளாஸை இப்போ திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். சின்னப் பிள்ளைங்களோட சேர்ந்து ஐந்தரைக் கட்டைல பாடணும் (கட்டைங்கறது சுருதி எவ்வளவு உயரம்னு சொல்ற அளவு). மேல் ஸ்தாயி (மேல் ஸ-ல ஆரம்பிக்கிற ஏழு ஸ்வரம்) ரிஷபம், அதாவது ரி வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல கழுத்து நரம்பு புடைக்குது, பஞ்சமம் (ப) வெறும் கத்தலா வருது, மறுநாள் குரல் கரகரன்னு இருக்கு. "நல்லா சத்தமா பாடுங்க, தானா வரும்"னு டீச்சர் சொல்றாங்க. ரேஞ்சை எப்படி ஏத்துறது? – வாசகி, ஈரோடு.

பதில்: அந்த "சத்தமா பாடுங்க"தான் வம்பே. ஐந்தரைக் கட்டைல நடு ஸட்ஜம் (ஸ) பாடும்போது உங்க குரல் நாண், அதாவது தொண்டைக்குள்ள அதிர்ற சதை மடிப்பு, விநாடிக்கு சுமார் 208 தடவை அதிருது, மேல் பஞ்சமத்துக்குப் போனா அது 620-ஐத் தாண்டணும், அதுக்கு நாண் நீண்டு மெலிசாகணும். நீங்க கீழ பாடுற அதே கனத்தைத் தூக்கிட்டு மேல போனா அது எங்க மெலிசாகும், தாடை, நாக்கு, கழுத்து எல்லாம் வந்து முட்டுக் கொடுக்கும், அதான் அந்த நரம்புப் புடைப்பு. மேல ஏற ஏற சத்தம் குறையணும், ஆரம்பத்துல பக்கத்து ரூமுக்குக் கூட கேட்கக் கூடாது.

ரெண்டாவது, ஐந்தரை உங்க கட்டைதானான்னே எனக்கு சந்தேகம். தம்பூரா ஆப்பை நாலரைல வச்சுப் பாருங்க. மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) காத்து கலக்காம கேட்குதா, மேல் காந்தாரம் (க) இழுக்காம நிக்குதா, அப்போ அதுதான் உங்க சுருதி. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல, எம்.டி.ராமநாதன் மத்த ஆண் வித்வான்களை விடவே ரொம்பத் தாழ்ந்த சுருதியில பாடிப் பேர் வாங்கினவர்.

இப்போ பயிற்சி. டம்ளர்ல பாதி தண்ணி, அதுல ஒரு ஸ்ட்ராவை ரெண்டு விரக்கடை முக்கி, "ஊ"ன்னு ஊதிக்கிட்டே குரல் கொடுங்க, தண்ணி குமிழ் விட்டுக்கிட்டே இருக்கணும். அப்படியே கீழருந்து மேல, மேலருந்து கீழ வழுக்கிட்டுப் போங்க. ஸ்ட்ரா வழியா காத்து முழுசா வெளிய போக முடியாததால வாய்க்குள்ள லேசா எதிரழுத்தம் வரும், நாண்கள் ஒண்ணோட ஒண்ணு பலமா மோதாம மெதுவா அதிரும். கழுத்துல கை வச்சுப் பாருங்க, இறுகினா நிறுத்திடுங்க. இது பழகினதும் மேல் ஸ்தாயி வரிசையை முதல்ல ஹம்மிங்ல, அப்புறம் "உ"ல, கடைசியாத்தான் "ஆ"ன்னு அகாரத்துல. ஒரே மூச்சா ஒரு மணி நேரம் உக்காராதீங்க, காலைல 10 நிமிஷம் சாயங்காலம் 10 நிமிஷம் போதும். மேல குரல் மெலிஞ்சு வேற மாதிரி மாறும், "கள்ளத்தொண்டை"ன்னு திட்டுவாங்க, கச்சேரில வேணாம்தான், ஆனா பயிற்சில அதை விடுங்க, அங்கதான் நாண் நீளக் கத்துக்குது.

விடிகாலைல மந்திர ஸ்தாயி சாதகம் பண்ணச் சொல்றதுல ஞாயம் இருக்கு, தூங்கி எழுந்ததும் குரல் தாழ்ந்துதான் இருக்கும், கீழ சுலபமா வரும். அந்த நேரத்துல மேல தொடாதீங்க.

உங்க கேஸ்ல குரல் பெரிசா செலவாகுறது ஸ்கூல்லதான். நாள் பூரா கிளாஸ்ல கத்திட்டு வந்து உடனே பாட உக்காந்தா எந்தப் பயிற்சியும் வேலைக்காகாது. இடுப்புல கட்டுற சின்ன மைக் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிடுங்க. கல்கண்டு மிளகு சாப்பிடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா முழுங்குறது எதுவும் குரல் நாணைத் தொடாது, அது உணவுக்குழாய்ல போயிடும். தண்ணிதான் மருந்து, அதுவும் நேரா நாணைத் தொடாது, உடம்புல சேர்ந்து உள்ளருந்து ஈரமா வைக்கும். கனைக்காதீங்க, ராத்திரி லேட்டா சாப்பிட்டுட்டுப் படுக்காதீங்க, நெஞ்செரிச்சல் குரலையும் கெடுக்கும்.

கரகரப்பு மூணு வாரம் தாண்டியும் போகலைன்னா பாட்டை நிறுத்திட்டு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஸ்கோப் போட்டுப் பாருங்க. டீச்சர்களுக்கு நாண்ல சின்ன முடிச்சு வர்றது சகஜம், சீக்கிரம் பாத்தா பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே குரல் பயிற்சில சரியாகிடும்.

எவ்வளவு ஏறும்னா, சில மாசத்துல ஒண்ணு ரெண்டு ஸ்வரம். ஒரு மாசத்துல ஒரு ஸ்தாயி ஏத்துறோம்னு வர்ற விளம்பரத்துக்குக் காசு கட்டாதீங்க. டீச்சர்கிட்ட தனி நேரம் கேட்டு நாலரைல பாடுங்க, ஒத்துக்கலைன்னா வேற டீச்சரைப் பாருங்க, ஈரோட்டுல பாட்டு டீச்சருக்கா பஞ்சம்.