மெக்கானிக் பதில்கள்: பைப்பைக் கீழே வையுங்கள்

ஃபைபர் படகில் இன்ஜினைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் மூன்று வந்துவிட்டது, நான்காவதன் நட் அசையவே மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் விட்டும் பார்த்தாச்சு. நட்டின் மூலைகள் மழுங்க ஆரம்பித்துவிட்டன. ஸ்பேனரில் பைப் மாட்டி நெம்பிவிடலாமா?
- வாசகர், பாம்பன்

முதலில் பைப்பைக் கீழே வையுங்கள். நெம்பினால் போல்ட் முறிந்து பாதி உள்ளேயே நிற்கும், அப்புறம் ஒரு நாள் வேலை நாலு நாள் ஆகும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்ளும், அதுதான் மரைக்குள் ஆப்பு அடித்தது போல இறுகி நிற்கிறது, எண்ணெய் அதற்குள் ஊறி இறங்க அரை மணி நேரம் எங்கே போதும்? கம்பி பிரஷால் உப்பையும் துருவையும் தேய்த்து எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள், நட்டின் பக்கங்களில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மறுபடி அதையே செய்யுங்கள். தட்டுகிற அதிர்ச்சியில்தான் துருவில் விரிசல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும். ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸில் ஊற்றுவது, சாதாரண கியர் ஆயில் அல்ல) அசிட்டோனும் சரிபாதி கலந்தால் மண்ணெண்ணெயைவிட நன்றாக இறங்கும். இரண்டும் சேர்ந்து நிற்காது, ஊற்றும்போதெல்லாம் குலுக்க வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. டபிள்யூடி-40 எல்லோர் கையிலும் இருக்கிறது, ஆனால் அது 1953-ல் ஈரத்தை விரட்டத்தான் உருவானது, இறுகிய மரைக்கு அதற்கென்றே விற்கிற எண்ணெய் மேல்.

ஆறு முனை ரிங் ஸ்பேனரை மாட்டி, கழற்றுவதற்கு முன் ஒரு துளி இறுக்கும் பக்கம் திருப்புங்கள். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் பாதி ஜெயித்த மாதிரி, அப்புறம் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். பட்டறையில் நட்டைச் சூடாக்கி விரிய வைப்பார்கள், ஃபைபர் படகில், டீசல் பக்கத்தில், அந்த நினைப்பே வேண்டாம். எதற்கும் வரவில்லையா, நட்டின் ஒரு பக்கத்தை ஹேக்ஸா பிளேடால் மரை தொடும் அளவுக்கு அறுத்து, உளி வைத்து ஒரே தட்டு, பிளந்துவிடும். புது நட் விலை உங்கள் முழங்கை வலியைவிடக் குறைவு.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டேன், அதுவும் அலுமினிய பாகத்தில் ஒட்டிக்கொண்டதே?
- வாசகர், தொண்டி

ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் கடல் தண்ணீர் போனால் அது பேட்டரி மாதிரி ஆகிவிடும், அரிபடுவது அலுமினியம். மரையில் வெள்ளைப் பொடி பார்த்திருப்பீர்களே, அதுதான். அடுத்த முறை மரைக்குக் கடலுக்கான கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் போடுங்கள். கிரீஸ் போட்ட மரையைப் பழைய வேகத்தில் இறுக்காதீர்கள், வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்தானே, அந்த 61 நாளில் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

ஜன்னல் கொக்கியில் இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோச்சு, திருப்புளி சுற்றுகிறது.
- வாசகி, மண்டபம்

தடிமனான ரப்பர் பேண்டைத் தலைமேல் வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். இல்லையா, பிளேடால் ஒரே கோடாக அறுத்துவிட்டு, தட்டைத் திருப்புளி போடுங்கள்.

சைக்கிளின் இடது பெடல் இரண்டு நாளாகக் கழலவில்லை, எண்ணெயும் விட்டாச்சு.
- மாணவர், கீழக்கரை

இடது பெடலுக்கு மரை தலைகீழ், தம்பி. இரண்டு நாளாக இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்புங்கள்.