டியூப் டிவியை ரிப்பேர் செய்வதா, எல்இடி வாங்குவதா?

கேள்வி: எங்கள் 21 இன்ச் பிக்சர் டியூப் டிவியில், காலையில் போட்டதும் படம் இருட்டாக வருகிறது; கால் மணி நேரம் கழித்துத்தான் தெளிகிறது. ரிப்பேர் செய்து ஓட்டலாமா? 32 இன்ச் எல்இடி வாங்கினால் படம் நன்றாக இருக்குமா, கரண்ட் மிச்சமாகுமா? கேபிள் பாக்ஸ் சாதாரண எஸ்டி பாக்ஸ்தான்.

பதில்: இது பெரும்பாலும் டியூப் தேய்ந்துபோனதன் அறிகுறி. டியூபின் கழுத்துக்குள் இருக்கும் கேத்தோடு சூடேறி எலக்ட்ரான்களை உமிழ்ந்தால்தான் திரை ஒளிரும். அந்தச் சக்தி குறைந்துவிட்டால் படம் தெளிய நேரம் பிடிக்கும். டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மரான எல்ஓடியில் உள்ள ஸ்கிரீன் திருகை ஏற்றிவிட்டால் கொஞ்ச நாள் வெளிச்சம் கூடும். ஆனால் படத்தின் மேல் சாய்வான வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

திரையின் நடுவே படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் கதை வேறு. அது படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் ஐசியின் கோளாறு, அல்லது அதன் கால்களில் டிரை சோல்டர், அதாவது பற்றவைப்பு விட்டுப்போனது. மூலையில் நிறத் திட்டு விழுந்தால் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரின் காந்தமோ, திரையில் தங்கும் காந்தத்தை நீக்கும் டீகாஸ் சர்க்யூட்டில் உள்ள போசிஸ்டர் என்ற பாகமோ காரணமாக இருக்கும். டியூப் நன்றாக இருக்கும்வரை இவற்றைத் தாராளமாகச் சரிசெய்யலாம்.

கரண்ட் கணக்கை நம்பி மாற்றாதீர்கள். 21 இன்ச் டியூப் டிவி சுமார் 80 வாட், 32 இன்ச் எல்இடி சுமார் 50 வாட். தினமும் 6 மணி நேரம் பார்த்தால் மாதத்துக்கு 14 யூனிட், 9 யூனிட். மிச்சம் 5 யூனிட்தான்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது பாக்ஸைப் பற்றி. எஸ்டி பாக்ஸ் அனுப்புவது 576 வரிகள். டியூப் அவற்றை அப்படியே வரைந்தது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. எல்இடியில் புள்ளிகள் நிலையானவை: எச்டி ரெடி என்றால் 1366 x 768, ஃபுல் எச்டி என்றால் 1920 x 1080. 576 வரிகளை இழுத்து நிரப்பும்போது எழுத்துகளின் ஓரம் குழையும், முகங்கள் மங்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிளில் இணைத்தால் இன்னும் மோசம். புது டிவியில் படம் பழையதைவிட மட்டமாக இருக்கிறது என்று பலர் வருந்துவது இதனால்தான். எச்டி பாக்ஸுக்கு மாறி, எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். அடிக்கடி பார்க்கும் சேனல்களின் எச்டி வடிவம் உங்கள் பேக்கில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் போட்டால் எஸ்டி சேனல் எச்டி ஆகிவிடாது. பழைய 4:3 நிகழ்ச்சிகளில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் ரிமோட்டில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3-க்கு மாற்றுங்கள்.

அளவைப் பொறுத்தவரை 32 சரியான தேர்வு. 24 இன்ச் எல்இடியின் திரை உயரம் சுமார் 30 செ.மீ.; உங்கள் 21 இன்ச் டியூபின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. 32-இல் 39 செ.மீ. கிடைக்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: பிக்சர் மோடு 'விவிட்' என்றிருந்தால் 'ஸ்டாண்டர்டு' ஆக்கி, பேக்லைட்டை 60 அளவுக்குக் குறையுங்கள். பேனலுக்குப் பின்னால் உள்ள எல்இடி பட்டைகள் அதிகச் சூட்டில்தான் சீக்கிரம் போகின்றன. பின்னாளில் சத்தம் வந்து படம் வராவிட்டால் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே படம் லேசாக ஆடினால் பேனல் பிழைத்திருக்கிறது, பேக்லைட் பட்டைதான் போயிருக்கிறது. ஒரே பட்டையை மாற்றாமல் முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள்; மற்றவையும் அதே வயதுதானே. பேனலே உடைந்தால் ரிப்பேர் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும்.

டியூப் கண்ணாடியைத் துடைத்ததுபோல எல்இடி திரையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அது வழிந்து விளிம்புக்குள் இறங்கி, பேனல் இணைப்புகளைக் கெடுத்துக் கோடு கோடாக்கிவிடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

பழைய டிவியைத் திறக்காமல், உடைக்காமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு. உள்ளே வெற்றிடம் என்பதால் உடைந்தால் சில்லுகள் தெறிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆனோடு மூடிக்கு (டியூபில் தடித்த வயர் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் மூடி) அடியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.