புது மவுண்ட் போட்டதும் கார் அதிர்கிறது: வழக்குப் போடலாமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்துவிட்டதென்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "கம்பெனி ரப்பர் நிற்காது சார், பாலியூரித்தேன் போடுங்க, ஆயுசுக்கும் வரும்" என்றார்கள். மூன்று மவுண்டையும் மாற்றினேன். இப்போது சிக்னலில் ஏ.சி. போட்டு நின்றால் ஸ்டீயரிங், சீட் எல்லாம் அதிர்கிறது. "ஓட ஓட செட் ஆகிடும்" என்றார்கள், ஆகவில்லை. பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கிறார்கள். இப்படி மாற்றியதே சட்டப்படி குற்றம் என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் சொல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அது. மவுண்ட் பற்றி ஆர்.சி.யில் ஒரு வரியும் கிடையாது. அந்தப் பயத்தை விடுங்கள்.

வழக்குக்கு வருவோம். "பொருள் பழுது" என்று மனுப் போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். பாலியூரித்தேன் ரப்பரைவிட விறைப்பானது. என்ஜின் ஆட்டத்தை அடக்கும், ஆனால் அதிர்வை உள்ளே கடத்தும். வேகமாக ஓட்டுபவர்கள் தெரிந்தே போடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் சொல்வார்.

உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. தினசரி ஓட்டும் கார் என்று தெரிந்தும், அதிர்வு வரும் என்பதைச் சொல்லாமல் மாட்டிவிட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். ஆனால் நீங்களே யூடியூப் பார்த்துவிட்டு "அதையே போடுங்க" என்று கேட்டிருந்தால் இந்த வாதம் பாதி செத்துவிடும். அதனால் வாட்ஸ்அப்பில் அவர்கள் பரிந்துரைத்த செய்தி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

பில் இருக்கிறதா? எழுதவே இல்லையே! பில் தராததும் முறையற்ற வணிகம்தான், ஆனால் பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவாவது வேண்டும். கம்பெனி மவுண்டுக்கு மாற்றுவதற்கு முன்பே, வண்டி ஐடிலில் (என்ஜின் ஓட, நகராமல்) நிற்கும்போது வீடியோ எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் பார்த்து எழுதி வாங்குங்கள். கழற்றிய மவுண்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம், அவையும் சாட்சி.

அப்புறம் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். பாதிப் பேர் அதிலேயே பேச வந்துவிடுவார்கள். மவுண்ட் விலை, லேபர், கம்பெனி மவுண்ட் திரும்ப மாட்டும் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று சிலர் எழுதச் சொல்வார்கள். அப்படி எழுதினால் நியாயமான தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மசியவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். தொழில்நுட்பக் கருத்து கேட்டால் வழக்கு இழுக்கும், தயாராக இருங்கள்.

கார் இன்னும் வாரண்டியில் இருந்தால், சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் கம்பெனி மவுண்டை மாட்டிவிடுங்கள். வேறு பழுதுக்கும் மவுண்டைக் காட்டி மறுத்தால், எந்தக் காரணத்தால் என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டில்) எழுதித் தரச் சொல்லுங்கள். அது தனி வழக்கு. இதோடு சேர்க்க வேண்டாம்.