நின்றுபோன காமிக்ஸை ரசிகர்களே தொடர்ந்தால் வாசகர்கள் ஏன் இரு கட்சியாகப் பிரிகிறார்கள்?

வெளியீட்டாளர் நிறுத்திவிட்ட காமிக்ஸ் தொடரை வாசகர்களே எழுதி, வரைந்து முன்னெடுத்துச் செல்வதுதான் ரசிகர் தொடர்ச்சி. அதை ஒருவர் கொண்டாடுகிறார், இன்னொருவர் கொதிக்கிறார்.

கதை நின்ற நாளிலிருந்து ஒவ்வொரு வாசகரும் மீதியைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். புதிய தொடர் அந்த மீதியோடு மோதுகிறது. பாட்டி பாதிக் கதையில் தூங்கிவிட, அண்ணன் தொடர்கிறான். தம்பி ஆசையாகக் கேட்டுக்கொண்டே, "பாட்டி இப்படிச் சொல்ல மாட்டாள்" என்று சிணுங்குவான் அல்லவா?

அமெரிக்காவின் ஆர்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘சோனிக்’ காமிக்ஸ் (வீடியோ கேமில் வரும் நீல முள்ளெலியின் கதை) 1993இல் தொடங்கி 290 இதழ்களுடன் நின்றது. அதற்கு முன்பே, 2013இல், கதையுலகம் மாற்றியமைக்கப்பட்டுப் பழைய பாத்திரங்கள் பலர் காணாமல் போயிருந்தார்கள். ரசிகர்கள் அந்த மாற்றத்துக்கு முந்தைய இடத்திலிருந்தே கதையைத் தொடர்ந்தார்கள். இருபது ஆண்டுகள் பழகிய முகங்கள் அவை! மீண்டும் பார்த்ததும் நெஞ்சு நெகிழ்வதும், புருவத்தின் வளைவு சற்றே மாறினால் உறுத்துவதும் ஒரே பாசத்தால்தான். கடுமையாகக் குறை சொல்பவரை வெறுப்பாளர் என்று ஒதுக்குவது தவறு என்பேன்.

இத்தகைய தொடர்ச்சியை இலவசமாகத் தந்தால் உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள்; காசு வாங்காததால் மட்டும் பதிப்புரிமை கைமாறிவிடாது.