தினமும் ஓட்டுவதற்கு காம்பேக்ட் எஸ்யூவி தேவையா, ஹேட்ச்பேக் போதாதா?

கேள்வி கேட்டவர் சென்னையில் தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுபவர். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருபவர். வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரான ஹேட்ச்பேக்கை விட இரண்டு, மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து, அதைவிட உயரமான காம்பேக்ட் எஸ்யூவி வாங்குவதில் பொருள் இருக்கிறதா என்பது அவருடைய சந்தேகம். 2022 டிசம்பரில் நானும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருந்தேன். பத்து ஆண்டுகள் உழைத்த ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு, காம்பேக்ட் எஸ்யூவியான 1.5 லிட்டர் பெட்ரோல் பிரெஸ்ஸாவை ஐந்து கியர் மேனுவலில் எடுத்தேன். வீடு வேளச்சேரி, அலுவலகம் சோழிங்கநல்லூர், சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். இதுவரை 43,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் இருக்கையின் உயரம்தான். அந்த உயரம் உங்கள் வீட்டுக்குத் தேவையென்றால் வாங்கலாம். தேவையில்லை என்றால் ஹேட்ச்பேக்கே போதும்.

என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. ஸ்விஃப்ட்டில் ஏறும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, கடைசி அரையடியை விழுவது போலக் கடந்துதான் உட்காருவார்; இறங்கும்போது நானோ என் மனைவியோ கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். இப்போது அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இருக்கையில் நேராக அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்கிறார். முதல் நாள் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுத் திண்ணை ஒசரம்டா" என்றார். விலைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே வண்டி அங்கே முடிவாகிவிட்டது. ஆனால் இந்த உயரம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. குள்ளமான முதியவர்களுக்குச் சில வண்டிகளில் ஏறுவதே பாடாகிவிடும். ஆகவே பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டு வண்டி பார்க்கப் போகாதீர்கள்.

எஸ்யூவி என்ற பெயரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் காம்பேக்ட் எஸ்யூவி என்ற வகையே வரிச்சட்டத்தின் அளவுகோலில் பிறந்தது. 2006-இல் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலானால் 1,200 சிசிக்குள்ளும் டீசலானால் 1,500 சிசிக்குள்ளும் இன்ஜினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அதற்குள் அடங்கும்படி எஸ்யூவி தோற்றத்தைச் சுருக்கிய வண்டிகள் பின்னர் வரத் தொடங்கின. 2013-இல் மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் இந்த வகையைப் பரவலாக்கியது. 2016-இல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017-இல் நெக்ஸான், 2019-இல் வென்யூ, 2020-இல் சோனெட் என்று வரிசை நீண்டது. இவற்றின் நீளத்தைத் தேடிப் பாருங்கள், 3,995 மில்லிமீட்டர் என்ற எண்ணே திரும்பத் திரும்ப வரும். முன்சக்கரங்களை மட்டுமே இன்ஜின் சுழற்றும் இந்த வண்டிகளை உயர்த்திக் கட்டிய ஹேட்ச்பேக் என்றே நான் நினைக்கிறேன்; அதில் குறைவொன்றும் இல்லை, காட்டுக்குள் ஓட்டிச்செல்லலாம் என்ற கற்பனையை மட்டும் விட்டுவிட வேண்டும். வரி விஷயத்தில் நான் கொஞ்சம் ஏமாளி. என் வண்டி நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி என்பதால், ஜிஎஸ்டியிலும் தொடர்ந்த அந்தச் சலுகை கிடைக்காமல், ஜிஎஸ்டியும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 45 விழுக்காடு கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் சலுகை அளவுக்குள் வரும் கார்களுக்கு 18 விழுக்காடும் மற்றவற்றுக்கு 40 விழுக்காடும் என்று மாறியிருப்பதால், இன்று வாங்குபவர் இன்ஜின் அளவை விலைப்பட்டியலுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

தினசரி ஓட்டத்துக்கு வருகிறேன். பள்ளிக்கரணை, துரைப்பாக்கம் ரேடியல் சாலை, பிறகு ஓஎம்ஆர் எனும் பழைய மாமல்லபுரம் சாலை, இதுதான் என் வழி. மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்துச் சாலை குறுகியிருக்கும் இடங்களில் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை, அகலம்தான் பிரச்சினை. பழைய ஸ்விஃப்ட்டை விட இந்த வண்டி ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகலம். காகிதத்தில் பார்த்தால் ஒரு சாண்கூட இல்லை, ஆனால் மாநகரப் பேருந்துக்கும் தடுப்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்போது அந்தப் பத்து சென்டிமீட்டரின் மதிப்பு தெரிந்துவிடும். முதல் மூன்று மாதங்களில் இடப்பக்கக் கண்ணாடியை இரண்டு முறை இடித்திருக்கிறேன், இரண்டும் என் கணிப்புப் பிழைகள்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் முன்னே நான்கு வண்டி தள்ளி நடப்பது தெரிகிறது, ஆனால் பக்கத்தில் நடப்பது மறைகிறது. ஒருநாள் காலை எங்கள் தெருமுனையில் வலப்பக்கம் திரும்பும்போது, சாலை காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கிளட்ச்சை விட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து பள்ளிப்பையோடு ஒரு சிறுவன் சைக்கிளில் வெளிப்பட்டான். அவன் வேகமும் என் வேகமும் ஒத்துப்போனதால், அதுவரை தூண் அவனை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பிரேக்கில் கால் இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை முன்னே நீட்டி ஒருமுறை எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டெஸ்ட் டிரைவ் போகும்போது இந்தத் தூண் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு மறைக்கிறது என்பதைத் திருப்பங்களில் பாருங்கள். நேர்சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

டேங்க்கை நிரப்பி அடுத்தமுறை நிரப்பும்வரை கணக்கிட்டதில், நகரத்தில் எனக்கு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைக்கிறது, மழைக்கால நெரிசலில் 11. நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 18-ஐத் தொடும். நிறுவனங்கள் அறிவிக்கும் எண்ணைவிட இது குறைவுதான். ஆனால் அந்த எண் ஏசி போடாமல், ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. நாம் ஓட்டுவது ஓஎம்ஆரில். ஸ்விஃப்ட்டில் இதே வழியில் 15 கிடைத்தது. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பார்த்தால் பத்து லிட்டர், அதாவது ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. டயரும் பெரிது என்பதால் மாற்றும்போது விலை கூடும். சர்வீஸ் செலவில் பெரிய வேறுபாடு எதையும் நான் பார்க்கவில்லை.

வேளச்சேரிக்காரன் மழையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், தெருக்காரர்களே கட்டிய வேகத்தடைகளிலும் தோண்டி மூடிய பள்ளங்களிலும் அடி தட்டுவதில்லை. இந்த நிம்மதி உண்மையானது. ஆனால் இந்த இடைவெளியை வெள்ளத்தில் இறங்க அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் முன்பக்கம் பானட்டுக்கு அடியில் இருக்கிறது. எதிரே ஒரு பேருந்து வந்து அலையைக் கிளப்பினால் நீர்மட்டம் ஒரு நொடியில் அங்கே எட்டிவிடும். சிலிண்டருக்குள் புகுந்த நீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற ஒரு கார் மூழ்கியது. நீர் வடிந்தபின் உரிமையாளர் பதற்றத்தில் சாவியைத் திருப்பினார். சுத்தம் செய்வதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிப்பதில் போய் நின்றது. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோக வேண்டும். வழக்கமான முழுக் காப்பீட்டில் இப்படி ஏற்படும் இன்ஜின் சேதம் பொதுவாக அடங்குவதில்லை, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியே சேர்க்க வேண்டும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வரிசையில் என் வண்டியும் இருந்தது. "எஸ்யூவி வச்சிருக்கிறவரும் பாலத்துக்கு வந்துட்டீங்களா சார்?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். ஸ்விஃப்ட் இருந்திருந்தாலும் நான் அங்கேதான் நிறுத்தியிருப்பேன்.

ஊருக்குப் போகும்போது இந்த உயரம் வேறு விதமாக உதவுகிறது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் பல ஆண்டுகளாகப் பணி நடந்து, மாற்றுப்பாதைகளில் ஜல்லியும் மண்ணும் மாறி மாறி வந்த காலத்தில், வண்டி சலிக்காமல் ஏறி இறங்கியது. காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ இல்லாத இன்ஜினின் இயல்பை மட்டும் தெரிந்து ஓட்ட வேண்டும்: அதன் முழு இழுவை நிமிடத்துக்கு 4,400 சுற்றுகளில்தான் வருகிறது. ஐந்து பேரும் ஏசியுமாகப் போகும்போது நான்காவது கியரிலேயே லாரியைத் தாண்டலாம் என்று நினைக்கக் கூடாது, மூன்றாவதுக்கு இறங்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். இது அலுப்பாக இருக்கும் என்றால் டர்போ பெட்ரோல் பாருங்கள். டீசலும் இழுக்கும், ஆனால் பிஎஸ்6 மாசு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைவடிகட்டி தன்னில் படியும் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி சற்று நேரம் தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். நெரிசலில் தினமும் 30 கிலோமீட்டர் மட்டுமே ஊர்ந்து செல்பவருக்கு அது சரிவராது.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு இடையே அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை. வண்டி வந்த முதல் வாரத்தில்தான், உள்ளே நிறுத்திவிட்டால் அம்மாவின் பக்கக் கதவு பாதிக்கு மேல் திறக்காது என்பது தெரிந்தது. இன்றும் அவரை வெளியே அழைத்துச் செல்லும்போது, வண்டியை வாசலுக்குக் கொண்டுவரும் வரை வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துதான் காத்திருக்கிறார்.