14 வயதுத் தம்பிக்கு முதல் மீன்பிடி கயாக்: ஒரு லட்சத்துக்குள் எதை வாங்கலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: தம்பிக்கு 14 வயது, காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நின்று தூண்டில் போட்டே பழகியவன், இப்போது கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், வீட்டில் ஒரு லட்சம் ரூபாதான் ஒதுக்க முடியும், மீன்பிடிக்கென்றே செய்த புதிய கயாக் எதுவும் அந்த விலைக்குக் கிடைக்கவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 9 அல்லது 10 அடி நீளத்தில், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகையில் (சிட் ஆன் டாப் என்பார்கள்) ஒரு பழைய பிளாஸ்டிக் கயாக்கைத் தேடுங்கள். எடை 22 கிலோவைத் தாண்ட வேண்டாம். அந்த ஒரு லட்சத்தில் கால்வாசியை லைஃப் ஜாக்கெட்டுக்கும் துடுப்புக்கும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் கயாக் பார்க்க வேண்டும். மிச்சம் போதவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் காத்திருங்கள், ஜாக்கெட் காசில் கை வைக்காதீர்கள்.

எடையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் அந்த நீர்த்தேக்கத்தை ஒட்டிய நோர்வூட் பக்கம். என் அக்கா மகனுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது 12 அடிக் கயாக், உயர்ந்த சீட், தூண்டில் செருக நாலு துளை, பின்னால் பெட்டி வைக்க இடம், எல்லாம் இருந்தது, எடை மட்டும் 35 கிலோவுக்கு மேல். கடலோரத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை, மணலில் இழுத்துக்கொண்டு போய்விடலாம். இங்கே அப்படியா? மாசி பங்குனியில் தண்ணீர் இறங்கிவிட்டால் ரோட்டிலிருந்து நீர் விளிம்பு வரை செங்குத்தான சரிவு, வெடித்த சேறு, அந்தக் காலத்துத் தேயிலைக் கட்டைகள். இறங்கும்போது எப்படியோ சமாளித்துவிடலாம், நாலு மணி நேரம் துடுப்புப் போட்டுக் களைத்த பிறகு அதே சரிவில் ஏற்ற வேண்டுமே. மூன்று தடவை போனான், பிறகு அவனாகவே கேட்பதை நிறுத்திவிட்டான். ஒரு வருடம் லயத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்ததை நட்டத்துக்கு விற்றேன். ஆசையாகக் கேட்ட பிள்ளை அப்படி அமைதியானதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அதனால் பணம் கொடுக்கும் முன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஒரு முனை, அவன் ஒரு முனை பிடித்து, மேட்டில் ஐம்பது அடி எடுத்து வைத்துப் பாருங்கள். அவன் முகத்திலேயே பதில் தெரியும்.

நீளம் குறைந்தால் வேகம் குறையும், நேராகப் போவதும் கொஞ்சம் கஷ்டம், அது உண்மை. ஆனால் திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் நீர்த்தேக்கத்தின் நடுவுக்குப் போக வேண்டியதே இல்லை, ஓடை வந்து விழுகிற ஒடுங்கிய மூலைகளில்தான் தம்பிக்கு வேலை, அங்கே சட்டென்று திரும்புகிற குட்டைக் கயாக் நல்லது. அகலம் 30, 31 அங்குலம் போதும். கூடினால் ஆட்டம் குறையும் என்று 34, 36 வாங்கிக் கொடுப்பார்கள், சின்னப் பையனின் கை எட்டாமல் விரல் மூட்டு விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். அவன் இப்போது 45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடத்தில் 60 ஆகிவிடும், தூண்டில், பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் 10 கிலோ. எழுதியிருக்கும் தாங்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருந்தால்தான் கயாக் நிதானமாக மிதக்கும், ஆகவே 105 கிலோவுக்குக் குறைந்தது வேண்டாம்.

சிட் ஆன் டாப் ஏன் என்றால், கவிழ்ந்தால் அதற்குள் தண்ணீர் தேங்காது. அடியில் ஸ்கப்பர் துளைகள் இருக்கும், மேலே தெறித்த தண்ணீர் அதன் வழியாகவே இறங்கிவிடும். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால் நிறையத் தண்ணீர் நிரம்பிவிடும், ஆழத்தில் வைத்து ஒரு பிள்ளையால் அதை இறைக்க முடியாது.

காற்றடிக்கிற கயாக் மலிவு, பையில் மடித்துக் கொண்டுபோகலாம், எடைப் பிரச்சினையும் தீரும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் தேயிலையும் மரமும் நின்ற நிலத்தில் தேங்கிய தண்ணீர் இது, கட்டைகள் ஒரு சாண் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். இன்னொன்று, அது இலை மாதிரி லேசு, காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் போகும். தனியாகப் போகப்போகும் 14 வயதுப் பையனுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பழையது எங்கே கிடைக்கும்? கடலோரத்து விடுதிகள் தங்கள் கயாக்குகளைக் கழிக்கும்போது விற்பார்கள், எங்களிடம் இப்போது இருப்பது பென்தோட்டைப் பக்கத்தில் அப்படி வாங்கியதுதான். கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போய் வெறுமையாகத் திரும்பும் லொறியில் சொல்லி வைத்தால் ஏற்றிவருவார்கள். பார்க்க வேண்டியது வெளிக்கீறல்களை அல்ல, அவை எல்லாக் கயாக்கிலும் இருக்கும். ஸ்கப்பர் துளைகளின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள், வெடிப்பு முதலில் வருவது அங்கேதான். பின்முனையின் அடிப்பாகம் இழுத்து இழுத்துத் தேய்ந்து காகிதம் போல் ஆகியிருக்கும், பெருவிரலால் அமுக்கினால் தெரியும். நிறம் வெளுத்து சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டினால் வெயிலில் பழுதான பிளாஸ்டிக், விட்டுவிடுங்கள். வெடிப்பில் ஏதோ பசை பூசியிருந்தாலும் வேண்டாம், இந்தப் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பிடிக்காது, சூடாக்கி வெல்ட் பண்ணினால்தான் நிற்கும். கடைசியாக, அரை மணி நேரம் ஆளோடு மிதக்கவிட்டு, கரையேற்றி வடிகால் மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சொட்டு பரவாயில்லை, ஒழுகி ஓடினால் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

சரி, இனித்தான் முக்கியமானது. தம்பிக்கு நீந்தத் தெரியுமா? நீங்கள் அதை எழுதவில்லை. தோட்டங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது, குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளையின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கில் கட்டி வைப்பதற்கு அல்ல. அவன் எடைக்கு உரியதா என்று உள்ளே அச்சடித்திருப்பதைப் பாருங்கள். மாட்டி, பட்டியை இறுக்கி, தோள் பக்கம் பிடித்து மேலே இழுங்கள், நாடிக்கு மேல் ஏறினால் அது அவனுக்குப் பெரிது. முதல் நாள் தூண்டிலே கொண்டுபோக வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, காலை உதைத்து வயிற்றால் ஏறிப் படுத்து, பிறகு திரும்பி உட்காரப் பழக்குங்கள். உதவியில்லாமல் மூன்று தடவை ஏறும்வரை ஆழத்துக்குப் போகக் கூடாது. நம் தண்ணீர் குளிர், நேரம் போகப் போகக் கை சோர்ந்துவிடும்.

துடுப்பு 220 முதல் 230 சென்டிமீட்டர், இடையில் கழற்றக்கூடியது. நங்கூரம் இப்போதைக்கு வேண்டாம், கட்டையில் கயிற்றைக் கட்டி நிற்கலாம், கயிறு முன்முனையிலோ பின்முனையிலோ இருக்கட்டும், பக்கவாட்டில் கட்டினால் காற்று வீசும்போது கவிழ்க்கும்.

காலையில் போய்ப் பதினொரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும், பிற்பகல் காற்று எழுந்தால் திரும்பி வருவது பெரும்பாடு. இடி கேட்டால் உடனே கரை, காபன் தூண்டிற்கம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஜூன், ஜூலை தென்மேற்கு மழையில் வேண்டவே வேண்டாம். அணைக்கட்டுப் பக்கமோ, அணைக்குக் கீழே கெஹெல்கமு ஓயாவிலோ எந்த மாதத்திலும் போகக் கூடாது, அங்கே திடீரென்று தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், மிதவை தெரிந்தால் விலகிப் போகச் சொல்லுங்கள், அது யாரோ ஒருவரின் வலை, அவர் வீட்டுச் சாப்பாடு. முதலில் அங்குள்ள மீனவர் சங்கத்தில் போய்ப் பேசிவிடுவது நல்லது, எங்கே இறக்கலாம், எங்கே கூடாது என்று அவர்களே காட்டுவார்கள்.

வாங்கும் முன் ஒரு ஞாயிறு காலை தம்பியைக் கூட்டிக்கொண்டு நோர்வூட் பக்கம் வாருங்கள். எங்கள் கயாக் 20 கிலோ, தூக்கிப் பார்க்கட்டும், ஏறிப் பார்க்கட்டும். அக்கா மகனும் இருப்பான்.